விற்கப்போகும் வீட்டைப் படமெடுக்கும் முன்

"நாலு போட்டோ வாட்ஸ்அப்ல போடுங்க சார், பார்ட்டிக்கு அனுப்பறேன்."

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைத்துத் தரகரிடம் பேசினால், அவர் முதலில் கேட்பது இதைத்தான். நீங்களும் கையிலிருக்கும் போனை எடுத்து, கொடியில் துணி தொங்க, அடுப்பில் குக்கர் இருக்க, நின்ற இடத்திலிருந்தே நான்கு படம் எடுத்து அனுப்பிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சனிக்கிழமை முழுவதும் ஞாயிறு காலையும் இதற்கென்று ஒதுக்குங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நேரில் வந்து பார்க்கத்தானே போகிறார்கள், படத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். சென்னையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருக்கும் உங்கள் ஃபிளாட்டை முதலில் பார்ப்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு வீடு தேடும் மகளோ மகனோ சிங்கப்பூரில் உட்கார்ந்து 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். விலை, பரப்பளவு, ஏரியா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பத்து வீடுகளில் அவர் எதைத் திறந்து பார்ப்பார் என்பதை முதல் படம்தான் முடிவு செய்யும். "அப்பா, இதை ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அவர் சொன்னால்தான் ஆள் உங்கள் வாசலுக்கு வருவார்.

அப்படி வருகிறவர், படத்தில் பார்த்த அதே வீட்டை நேரிலும் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் எல்லா யோசனைக்கும் இதுதான் அளவுகோல். வீடு சுத்தமாகவும் வெளிச்சமாகவும் தெரியட்டும். இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தெரிய வேண்டாம்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பரணிலிருந்து. சென்னை ஃபிளாட்டுகளில் சமையலறையிலும் படுக்கையறையிலும் கதவில்லாத பரண் இருக்கும். பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, பிரித்து வைத்த கொலுப்படி, சக்கரம் உடைந்த சூட்கேஸ், டிவி வந்த அட்டைப்பெட்டி என்று கூரைவரை அடுக்கியிருக்கும். தினமும் பார்ப்பதால் உங்கள் கண்ணில் அது படாது. அறையின் மூலையில் நின்று எடுக்கும் படத்திலோ மேல்பாதி முழுக்க அதுதான். பார்ப்பவர் மனதில் "இந்த வீட்டில் சாமான் வைக்க இடமே இல்லை போல" என்று பதிந்துவிடும்.

விற்றால் எப்படியும் காலி செய்யத்தான் போகிறீர்கள். மூட்டை கட்டும் வேலையைப் பரணிலிருந்து இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். வேண்டாததைக் காயலான் கடைக்குப் போடுங்கள், வேண்டியதைப் பெட்டியில் கட்டி ஓர் அறையில் அடுக்குங்கள். மற்ற அறைகளை எடுத்து முடித்ததும் பெட்டிகளை அங்கே மாற்றிவிட்டு இந்த அறையை எடுத்துக்கொள்ளலாம். வெளியே இடம் பிடித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்காதா?

மேசை, நாற்காலி, கட்டில், சோபா இவை இருக்கட்டும். முழுக்கக் காலியான அறையின் அளவு படத்தில் பிடிபடாது. ஒரு கட்டில் கிடந்தால் "கட்டில் போட்ட பிறகும் நடக்க இடம் இருக்கிறது" என்று தெரியும். போக வேண்டியவை சின்னச் சாமான்கள்தான்: வாசலில் குவிந்த செருப்பு, சுவரில் மாட்டிய நாலு காலண்டர், குடிதண்ணீர் கேன், டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர், பீரோ மேல் ஏற்றிய மெத்தை. காலியான வீடாக இருந்தால் இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையுமாவது கொண்டுபோய்ப் போடுங்கள்.

பூஜை அறையையும் ஒதுக்கிவிட வேண்டுமா?

என்னைக் கேட்டால், வேண்டாம். வெளிநாட்டு வழிகாட்டிகள் குடும்பத்தின் அடையாளம் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்பார்கள். ஆனால் சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்களில் பலர் பூஜைக்குத் தனி இடம் உண்டா என்று கேட்கிறார்கள். அது உங்கள் வீட்டில் இருந்தால் காட்டுங்கள். காய்ந்த பூவை எடுத்து, விளக்குப் புகை படிந்த சுவரையும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பலகையையும் துடைத்துவிட்டு எடுங்கள். சாமி படங்களைப் பொதுவில் போட வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் இல்லையென்றால் அலமாரிக் கதவைச் சாத்தி எடுக்கலாம். மாலை போட்ட தாத்தா பாட்டி படங்கள், பிள்ளைகளின் படங்கள், சுவரில் மாட்டிய பட்டச் சான்றிதழ்கள் ஆகியவற்றை மட்டும் கழற்றி வையுங்கள். அவற்றை ஊர் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை.

சமையலறையிலும் குளியலறையிலும் எதைக் கவனிப்பது?

உப்புக் கறையை. போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாய், சிங்க், ஷவர், தரை டைல்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். பத்து வருடமே ஆன குளியலறையை முப்பது வருடப் பழசாகக் காட்டுவது இந்தக் கறைதான். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பிறகு நன்றாக நீர்விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் வேலை முடியுமே?

டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டை அரிக்கும். மொசைக் தரைக்கு அது எமன். மொசைக் என்பது சிமென்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்துத் தேய்த்த தரை. ஆசிட் இரண்டையுமே தின்னும், போன பளபளப்பு பாலிஷ் போடாமல் திரும்பாது. மொசைக்குக்கும் சலவைக்கல்லுக்கும் வினிகர், எலுமிச்சைகூட ஆகாது. மிதமான சோப்புத் தண்ணீர் போதும். தி.நகர், மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இருக்கும் ரெட் ஆக்சைடு தரை (சிமென்டில் காவி நிறப் பொடி சேர்த்து இழைத்த தரை) உங்களிடம் இருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் துளித் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அந்தச் சிவப்பு படத்தில் அப்படியே வரும். வழுக்கும் அளவுக்கு எண்ணெய் விட்டுவிடாதீர்கள்.

மற்றபடி சமையல் மேடையில் மிக்ஸி ஒன்றைத் தவிர எதுவும் வேண்டாம். அடுப்புக்கு மேல் சுவரில் எண்ணெய்க் கறை, எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒட்டடை இரண்டையும் பாருங்கள். குளியலறையில் பக்கெட், குவளை, துண்டு, சோப்பு எல்லாம் வெளியே போகட்டும், கழிப்பறை மூடி மூடியிருக்கட்டும்.

எந்த நேரத்தில் எடுப்பது?

இதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உங்கள் வீடு எந்தத் திசை பார்த்தது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். கிழக்கு பார்த்த வாசல் என்றால் முகப்பைக் காலை ஏழரை மணிக்கு எடுங்கள். மேற்கு என்றால் மாலை நாலரைக்கு மேல். இது எல்லோரும் ஊகிக்கக்கூடியது.

வடக்கும் தெற்கும்தான் ஏமாற்றும். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே தள்ளிப்போகிறது. ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. ஆகவே ஜூன் மாதத்தில் வடக்கு பார்த்த முகப்பில் வெயில் விழும், தெற்கு பார்த்த முகப்பு நாள் முழுக்க நிழலில் இருக்கும். டிசம்பரில் இது அப்படியே தலைகீழ். மார்கழியில் வடக்கு வாசல் வீட்டை எடுக்க வெயிலுக்குக் காத்திருந்தால் வெயில் வரவே வராது. அப்போது லேசாக மேகம் போட்ட நாளில் எடுங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, நிழலில் இருக்கும் முகப்பும் தெளிவாக விழும்.

வீட்டுக்குள் எடுக்க, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். திரைச்சீலையைத் தள்ளுங்கள். கொசுவலைக் கதவையும் திறந்து வையுங்கள். தூசி அடைந்த வலை வழியாக வரும் வெளிச்சம் அறையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். உச்சி வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் பாய்ந்தால், அந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் இருட்டாகவும் தெரியும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

விளக்குகளைப் போட வேண்டாமா?

பகலில் வேண்டாம். மஞ்சள் பல்பு, வெள்ளை ட்யூப்லைட், ஜன்னல் வெளிச்சம் மூன்றும் கலந்தால் ஒரே சுவர் மூன்று நிறத்தில் தெரியும். சில போன்களில் விளக்கு வெளிச்சம் படத்தில் கோடு கோடாகவும் விழும். நடுக்கூடம், நடை மாதிரி பகலிலும் இருட்டாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒரே நிற விளக்குகளைப் போடுங்கள். ஃபிளாஷ் எங்கும் வேண்டாம். கறுப்பு கிரானைட்டிலும் பீரோ கண்ணாடியிலும் பளீரென்று ஒரு புள்ளி விழுவதோடு நீங்களும் சேர்ந்து விழுவீர்கள்.

போனிலேயே எடுக்கலாமா, ஆள் வைக்க வேண்டுமா?

வாடகைக்கு விடுவதற்கு நல்ல போன் போதும். விற்பதற்கு, அதுவும் தனி வீடு என்றால், கட்டடங்களைப் படமெடுத்துப் பழகியவரை அழைப்பது கொடுத்த காசுக்குத் தகும். யார் எடுத்தாலும் வீட்டைத் தயார் செய்வது உங்கள் வேலைதான்.

போனில் எடுப்பதானால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். முகத்துக்கு நேராகப் பிடித்தால் கூரைதான் அதிகம் தெரியும். நெஞ்சளவில், ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில் பிடியுங்கள். கேமரா அமைப்பில் கட்டக்கோடுகளை (திரையில் தெரியும் குறுக்கு நெடுக்குக் கோடுகள்) போட்டுக்கொண்டு, கதவு நிலை கோட்டுக்கு இணையாக நேராக நிற்கிறதா என்று பாருங்கள். போனைக் கொஞ்சம் சாய்த்தாலும் சுவர்கள் சரிந்து விழுவதுபோல வரும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஆனால் அதற்கு முன்பு இறக்கையைத் துடைத்துவிடுங்கள். நின்ற ஃபேனில் அழுக்கு நன்றாகத் தெரியும்.

0.5 என்று ஒரு அகலக்காட்சி இருக்கிறதே, அதில் எடுத்தால் அறை பெரிதாகத் தெரிகிறதே?

தெரியும். 10க்கு 10 அறைகூடக் கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வெயிலில் வேளச்சேரியிலிருந்து பெற்றோரை அழைத்துக்கொண்டு வருகிறவர், வாசலில் நின்று "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். அவருடைய நேரமும் வீண், உங்களுடையதும் வீண். அந்தத் தரகர் அடுத்த பார்ட்டியை அழைத்துவர யோசிப்பார். அறை மூலையில் முதுகு சுவரில் ஒட்ட நின்று சாதாரண லென்ஸில் எடுங்கள். குளியலறை மாதிரி நிற்கவே இடமில்லாத இடத்தில் மட்டும் அகலக்காட்சி.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத்தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையால் போட்டு, ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் அடிக்கணக்கில் எழுதி, அதையும் படமெடுத்துச் சேருங்கள். பரப்பளவைப் போடும்போது எந்தப் பரப்பளவு என்று சொல்லிவிடுங்கள். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்கு (வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரைப் பரப்பு) வரையறை கொடுத்திருக்கிறது. உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் திறந்த மொட்டைமாடியும் சேராது. சூப்பர் பில்ட்-அப் (பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு) கணக்கை மட்டும் போட்டால் படத்தில் இருப்பதற்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகாமல் கேள்விதான் வரும். ஃபிளாட்டாக இருந்தால் யுடிஎஸ் (மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். எப்படியும் அடுத்த கேள்வி அதுதான்.

பழைய தனி வீடாக இருந்தால்?

மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய சில தெருக்களில் இன்னும் திண்ணை வைத்த நீள வீடுகள் இருக்கின்றன. இருபுறமும் பொதுச்சுவர், வெளிச்சம் முற்றம் வழியாக மட்டும். இந்த வீட்டை அறை அறையாக எடுத்தால் ஒவ்வொரு படமும் இருட்டறையாகத்தான் வரும். வாசல் கதவு முதல் கொல்லைக் கதவு வரை எல்லாவற்றையும் திறந்துவிட்டு, திண்ணைப் பக்கம் நின்று ரேழி (வாசலை ஒட்டிய நடை) வழியாக உள்ளே பார்த்து ஒரு படம் எடுங்கள். ரேழி இருட்டு, முற்றத்து வெளிச்சம், கூடத்துத் தூண், கடைசியில் கொல்லையில் ஒரு கீற்றுப் பச்சை என்று வீட்டின் ஆழம் முழுவதும் அந்த ஒரே படத்தில் வந்துவிடும். அதையே முதல் படமாகப் போடுங்கள். முற்றத்துக் கொடியையும், நடுவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளையும் எடுத்துவிட்டுத் தரையைக் கழுவி, ஈரம் காயும் முன் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். தேக்குக் கதவின் வேலைப்பாடு, தூணின் போதிகை (தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை), மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம்) இவற்றைக் கிட்டத்தில் ஒவ்வொரு படம் எடுங்கள்.

வாங்குகிறவர் இடித்துத்தானே கட்டப்போகிறார் என்கிறீர்களா? இருக்கலாம். அவருக்கு வேண்டியது மனை. அப்படியானால் தெருவின் அகலம் தெரியும்படி இரு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம், மதில் முழுவதும் தெரியும்படி ஒன்று, மொட்டைமாடியிலிருந்து நாலு பக்கமும். மனை எத்தனை கிரவுண்ட் (ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி), முகப்பு எத்தனை அடி என்பதைக் கூடவே எழுதுங்கள். ஆனாலும் வீட்டுப் படங்களை விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் அது படட்டும்.

வெளிப்புறத்தை எப்போது எடுப்பது?

ஞாயிறு காலை ஏழு மணிக்குள் தெருப் படத்தை முடித்துவிடுங்கள், முகப்புக்கு மட்டும் மேலே சொன்ன நேரம். தி.நகரில் கடைகள் திறந்துவிட்டால் தெரு முழுக்க வண்டியும் ஆளும்தான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழா நாட்களில், குறிப்பாக அறுபத்துமூவர் ஊர்வல நாளில் வேண்டாம். முந்தைய நாளே வாசலைக் கழுவி, காலையில் ஒரு கோலம் போட்டுவிடுங்கள். எதிரில் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டிய பகுதியில் ஜன்னல் கிரில்லும் பால்கனிக் கம்பியும் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். படத்தில் முதலில் தெரிவது அந்தக் காவிக் கறைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

கார் நிறுத்தும் இடத்தை, கார் நிற்கும்போதே எடுங்கள். சின்ன கார் மட்டும் நுழையும் இடமா, பெரிய கார் நுழையுமா என்று பார்த்ததும் தெரியும். நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

இந்த ஊருக்கென்று தனியாக எடுக்க வேண்டிய படம் எது?

தண்ணீர். 2019 கோடைத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வீடு வாங்குவதில்லை. சம்ப் (நிலத்தடித் தொட்டி), மேல்தொட்டி, மோட்டார், மெட்ரோ வாட்டர் இணைப்பு, மழைநீர் சேகரிப்புக் குழாய் ஆகியவற்றைச் சுத்தம் செய்து இரண்டு மூன்று படம் எடுங்கள். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே தமிழ்நாடு கட்டாயமாக்கிவிட்டது. குழாய் இருந்தும் வாய் அடைத்துக் கிடந்தால் அதைத் தூர்வாரிவிட்டு எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஆற்றங்கரைப் பகுதிகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. உங்கள் தரைத்தளம் தெருவைவிட உயர்ந்திருந்தால், வாசற்படிகள் எண்ணும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.

சுவரில் ஓதம் இருக்கிறது. பெயின்ட் அடித்து எடுத்துவிடலாமா?

கசிவை அடைத்துவிட்டு, சுவர் காய்ந்த பிறகு அடித்தால் சரி. மறைப்பதற்காக அடிப்பது சரியில்லை. வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்திலேயே அது வெளியே வந்துவிடும். அது தவிர, 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவரே சொல்லிவிட வேண்டும் என்கிறது. படத்தில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் டிரான்ஸ்பார்மரையோ பக்கத்துக் கட்டடச் சுவரையோ செயலி வைத்து அழிப்பதும் இதே ரகம்தான். வெளிச்சத்தைக் கூட்டலாம், சாய்வை நிமிர்த்தலாம். இருப்பதை அழிக்காதீர்கள்.

வீட்டில் குடித்தனக்காரர் இருக்கிறாரே?

அவரைக் கேட்காமல் சாவி போட்டுத் திறந்து உள்ளே போகாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், அவர் சாமான்களை ஒதுக்கித் தந்தால்தான் படமே எடுக்க முடியும். என்றைக்கு வசதி என்று அவரிடமே கேட்டு, சுத்தம் செய்ய ஓர் ஆளையும் உங்கள் செலவில் அனுப்புங்கள். அவருடைய பிள்ளைகள், துணிமணி, மருந்து மாத்திரை எதுவும் படத்தில் வராது என்று முன்பே சொல்லி, எடுத்ததையும் காட்டிவிடுங்கள்.

எடுத்தாயிற்று. இனி?

பன்னிரண்டு முதல் பதினைந்து படம் போதும். வீட்டுக்குள் நடந்து போகும் வரிசையில் அடுக்குங்கள்: வாசல், கூடம், சமையலறை, படுக்கையறைகள், குளியலறை, பால்கனி, கடைசியில் கார் நிறுத்தமும் தண்ணீரும். அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். கதவெண், பீரோ சாவி, மேசையில் கிடக்கும் பேங்க் கடிதம், சிசிடிவி இருக்கும் இடம் ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் மறுபடி எடுங்கள். போன் எடுக்கும் படத்துக்குள் அந்த இடத்தின் இருப்பிடக் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும். எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிவிடும். தரகர் அதை இன்னொருவருக்கு அனுப்ப, அவர் வேறொருவருக்கு அனுப்ப, உங்கள் இரண்டு நாள் உழைப்பு தேய்ந்து போகும். "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்து அனுப்பினால் தரம் குறையாது.

விற்பனை முடிந்த அன்றே எல்லாத் தளங்களிலிருந்தும் படங்களை எடுத்துவிடுங்கள், தரகரையும் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல படங்களைத் திருடி, அதே வீடு வாடகைக்கு என்று விளம்பரம் போட்டு, டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். எடுக்காமல் விட்டால், ஏமாந்தவர் வந்து தட்டுவது உங்கள் வீட்டைப் புதிதாக வாங்கியவரின் கதவைத்தான்.